சுவரும் சித்திரமும்
உபேந்திரகிஷோர் ராய் சௌதுரியின் வாழ்க்கை வரலாறு

சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. உடலைப் பேணுக என்னும் அறிவுரையாகவே இதனைப் பெரியோர் எடுத்தாள்வது வழக்கம். ஆயினும் இம்மொழியைச் சித்திரம் எழுதுவோனுக்கே உரியதாகக் கொண்டு பார்த்தால் வேறொரு பொருளும் தோன்றும். அவன் கைத்திறன் எத்துணைச் சிறந்ததாயினும், நின்று எழுத ஒரு சுவர் வேண்டும். வயிற்றுக்குச் சோறும், வாடகைக்குப் பணமும், நாளைக்கு வேலை உண்டு என்னும் துணிவுமே அச்சுவர். அதனை அவனுக்கு எழுப்பித் தருபவர் யார்?

மாட்டுங்காவிலும் அதனை அடுத்த குடியிருப்புகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதியதன்று. பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறி வந்த தலைமுறையை அடுத்துப் பொறியியலும் கணக்கியலும் கற்ற தலைமுறை தோன்றியது. இத்தகைய இல்லங்களில் ஒரு சிறுமியோ சிறுவனோ பள்ளியில் எலிமெண்டரி, இண்டர்மீடியட் என்னும் ஓவியத் தேர்வுகளில் நல்ல தரத்தில் தேறினால் பெற்றோர் மகிழ்கின்றனர். அதே குழந்தை வளர்ந்தபின், குழந்தைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைவதையே தொழிலாகக் கொள்வேன் என்று கூறினால் அவர்கள் முகம் வாடுகிறது. அந்த அச்சத்தைக் குறுகிய மனம் என்று இகழ்தல் தகாது. ஊர்விட்டு ஊர் வந்து ஒரு வேலையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தவர்களின் அச்சம் அது. அத்தகைய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் விடை கூறவல்லது, வங்கத்தில் தோன்றிய பெருந்தகை உபேந்திரகிஷோர் ராய் சௌதுரியின் வாழ்க்கை. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் பாட்டனார் என்றே பலரும் அவரை அறிவர். ஆனால் பாட்டனார் தம் சொந்தப் புகழுக்கே உரியவர்.

இளமை

இன்று வங்காள தேசத்தில் அடங்கியுள்ள மைமன்சிங் பகுதியைச் சேர்ந்த மசூவா என்னும் சிற்றூரில், 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காமதாரஞ்சன். தந்தையார் காளிநாத் ராய் வடமொழி, அரபு, பாரசீகம் ஆகிய மொழிகளில் தேர்ந்தவர். ஐந்து வயதில் அக்குழந்தையை உறவினரும் ஜமீன்தாருமான ஹரிகிஷோர் ராய் சௌதுரி தத்தெடுத்து, உபேந்திரகிஷோர் என்று பெயர் மாற்றினார்.

மைமன்சிங்கில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்காகக் கல்கத்தா சென்றார். 1884-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே படம் வரைவதிலும் வயலின் வாசிப்பதிலும் அவருக்குப் பெருவேட்கை இருந்தது. பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். வைதிகக் குடும்பத்தாரின் மனத்தாங்கலுக்கும் ஆளானார். சமூகச் சீர்திருத்தவாதியான துவாரகாநாத் கங்குலியின் மகள் விதுமுகியை மணந்து கல்கத்தாவிலேயே இல்லறம் தொடங்கினார். பட்டம் பெற்ற இளைஞர்கள் அரசாங்க உத்தியோகத்தையோ வக்கீல் தொழிலையோ நாடிய காலம் அது. உபேந்திரகிஷோரோ குழந்தைகளுக்கான வங்காளப் பத்திரிகைகளில் எழுதியும் வரைந்தும் வந்தார்.

ஜமீன் குடும்பத்தில் வளர்ந்தவராதலின், வெறுங்கையோடு வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லர் அவர். இதனை மறைத்துக் கூறுவது நேர்மையாகாது. ஆயினும் கையில் முதல் உள்ளவர் அனைவரும் அதனைக் கொண்டு புதியதொரு தொழிலைப் படைத்துவிடுவதில்லை. அவர் படைத்தார். அதற்கு வழிகோலியது ஓர் ஏமாற்றம்.

கெட்டுப்போன படங்கள்

சிறுவர்களுக்காக இராமாயணத்தை எளிய வங்காளத்தில் எழுதி, அதற்கு வேண்டிய படங்களையும் தாமே வரைந்து அவர் நூலாக்கினார். அக்காலத்தில் ஒரு படத்தை அச்சிட வேண்டுமாயின், செதுக்குவோர் அதனை மரக்கட்டையில் பார்த்துச் செதுக்குவர். ஓவியரின் கைநயம் செதுக்குவோரின் உளியில் தேய்ந்துபோகும். உபேந்திரகிஷோரின் படங்களும் அவ்வாறே கெட்டன. முகங்களின் மென்மை மறைந்தது. நிழலும் ஒளியும் கலந்து நின்ற இடங்கள் கரும்பட்டைகளாயின.

இவ்விடத்தில் அவர் செய்யக்கூடியவை மூன்று. அச்சுக்கூடத்தாரை நொந்துகொண்டு இருந்துவிடலாம். படம் வரைவதையே கைவிடலாம். அல்லது, படம் காகிதத்தில் இறங்கும் வித்தையைத் தாமே கற்கலாம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். இங்கிலாந்தின் பென்ரோஸ் கம்பெனியிடமிருந்து நூல்களையும் இரசாயனப் பொருள்களையும் கருவிகளையும் தருவித்தார். கற்பிப்பார் எவரும் அருகில் இல்லாத நிலையில், நூல்களையே ஆசானாகக் கொண்டு பயின்று, 1895-இல் பிளாக் செய்யும் தொழிலைக் கல்கத்தாவில் தொடங்கினார்.

புள்ளிகளின் கணக்கு

அவர் கற்றது ஆப்டோன் எனப்படும் முறை. அச்சு இயந்திரத்துக்கு இரண்டே நிலைகள் தெரியும். ஓரிடத்தில் மை படும், அல்லது படாது. இடைப்பட்ட சாம்பல் நிறங்களை அது அறியாது. ஆகவே காமிராவினுள், தகட்டுக்கு முன்பாக, குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள் கீறிய கண்ணாடித் திரை ஒன்றை வைத்துப் படம் எடுப்பர். அத்திரை படத்தைப் பெரியனவும் சிறியனவுமான எண்ணற்ற புள்ளிகளாகப் பிரித்துவிடும். நெருங்கிய பெரும்புள்ளிகள் இருளாகவும், சிறுபுள்ளிகள் ஒளியாகவும் நம் கண்ணுக்குத் தோன்றும். பின்னர் அப்புள்ளிகளைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிடுவர். பழைய பத்திரிகைப் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் இப்புள்ளிகளை எவரும் காணலாம்.

திரைக்கும் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், ஒளி புகும் துளை எவ்வடிவில் அமைய வேண்டும் என்பனவற்றை மேனாட்டுத் தொழிற்கூடங்களில் பெரும்பாலும் கைப்பழக்கத்தாலும் உத்தேசத்தாலுமே முடிவு செய்துவந்தனர். உபேந்திரகிஷோர் அதனைக் கணிதத்தால் ஆராய்ந்தார். தாம் கண்ட முடிவுகளைப் பென்ரோஸ் கம்பெனியாரின் ஆண்டுமலரில் 1897 முதல் 1911-12 வரை பல கட்டுரைகளாக வெளியிட்டார். திரையைப் பொருத்தும் முறை, புள்ளி உருவாகும் கோட்பாடு, அறுபது பாகைக் கோணத்தில் கோடுகள் அமைந்த திரை, பல துளைகளைக் கொண்ட அடைப்பான் ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதியவற்றை மேனாட்டு வல்லுநரும் மதித்துப் படித்தனர். குழந்தைகளின் கதைப்புத்தகத்தில் படம் தெளிவாக விழவேண்டும் என்னும் ஆசையிலிருந்து பிறந்த ஆராய்ச்சி இது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இரவிவர்மாவின் அச்சுக்கூடம்

இதே காலத்தில் நம் மும்பையில் நிகழ்ந்த மற்றொரு முயற்சியை இங்கு ஒப்புநோக்குதல் பயனுடையது. ஓவிய மன்னர் இராஜா இரவிவர்மா 1894-இல் கிர்காமில் வண்ணப்பட அச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். நம் பாட்டிமார் பூசையறையில் மாட்டி வழிபட்ட இலட்சுமியும் சரசுவதியும் அவ்வழியில் வந்தவர்களே. சில ஆண்டுகளில் அவ்வச்சுக்கூடம் லோணாவளாவை அடுத்த மளவலிக்கு மாறியது. படங்கள் நாடெங்கும் பரவின. ஆனால் கடனும் வளர்ந்தது. புது நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளுக்குள் அதனைத் தம்மிடம் பணியாற்றிய ஜெர்மானிய நிபுணர் ஷ்லைகருக்கே விற்றுவிட நேர்ந்தது.

இரவிவர்மாவின் தூரிகைக்கு இணையாக உபேந்திரகிஷோரின் தூரிகையைக் கூறுவார் இல்லை. எனினும் முன்னவர் அச்சுத் தொழிலுக்குப் பிறநாட்டு வல்லுநரின் கைகளை நம்பியிருந்தார்; பின்னவர் அத்தொழிலின் ஒவ்வொரு படியையும் தம் கையாலேயே செய்து அறிந்திருந்தார். ஒருவருக்குச் சுமையாகிவிட்ட அச்சுக்கூடம் மற்றவருக்கு வாழ்வளித்ததற்கு இவ்வேற்றுமையும் ஒரு காரணம் என்னலாம்.

தொழில் தந்த உரிமை

உபேந்திரகிஷோரின் தொழிற்கூடம் பின்னர் யூ. ராய் அண்டு சன்ஸ் என்னும் பெயரால் வழங்கியது. இராமானந்த சட்டர்ஜி நடத்திய பிரபாசி, மாடர்ன் ரிவியூ ஆகிய புகழ்பெற்ற பத்திரிகைகளில் வெளிவந்த வண்ணப் படங்களுக்கு அங்கிருந்து பிளாக்குகள் சென்றன. அவனீந்திரநாத் தாகூர் முதலியோரின் ஓவியங்களை நாட்டு மக்கள் வீட்டிலிருந்தே காண முடிந்ததில் அத்தொழிற்கூடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் வாழ்க்கையின் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரைந்த படங்களே தம் குடும்பத்தைக் காக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை. மனைவியும் ஆறு மக்களும் அடங்கிய குடும்பத்தைப் பிறருக்குச் செய்த பிளாக் வேலை தாங்கியது. அந்த ஊதியம் அவருக்கு உணவை மட்டும் அளிக்கவில்லை, உரிமையையும் அளித்தது. எந்தக் கதையைச் சொல்வது, எத்தனை படம் சேர்ப்பது, எவ்வளவு நேர்த்தியாக அச்சிடுவது என்பனவற்றைப் பதிப்பாளரின் தயவை எதிர்பாராமல் அவரே முடிவு செய்ய முடிந்தது.

அவ்வுரிமையைக் கொண்டு அவர் செய்தவை பல. பண்டைக்கால விலங்குகளைப் பற்றிச் சிறுவர்க்கு எழுதினார். மகாபாரதக் கதைகளை எளிமையாக்கித் தந்தார். கிழக்கு வங்கத்துப் பெண்கள், மாலையில் உண்ணாமல் உறங்கிவிடும் குழந்தைகளை விழித்திருக்கச் செய்வதற்காகச் சொல்லிவந்த கதைகளைத் திரட்டி, தையல்சிட்டின் பெயரால் 1910-இல் ஒரு நூலாக்கினார். சிட்டுக்குருவியினும் சிறிய அப்பறவை பூனையையும் அரசனையும் ஏய்க்கும் கதைகள் அவை. எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரேயாதலின், சொல்லும் கோடும் ஒன்றையொன்று தழுவி நின்றன. இன்றும் வங்காள இல்லங்களில் குழந்தைகள் அந்நூலைக் கேட்டு வளர்கின்றனர்.

சந்தேஷ்

1913-ஆம் ஆண்டு ஏப்ரலில், வங்காளப் புத்தாண்டை ஒட்டி, சந்தேஷ் என்னும் சிறுவர் மாத இதழை அவர் தொடங்கினார். சந்தேசம் என்றால் செய்தி என்பது நாமும் அறிந்ததே. வங்கத்தில் அதுவே பாலைத் திரித்துச் செய்யும் இனிப்பின் பெயரும் ஆகும். குழந்தைக்குச் செய்தியும் தித்திக்க வேண்டும் என்னும் அவர் கருத்து அப்பெயரிலேயே விளங்கும். எழுதுதல், வரைதல், பிளாக் செய்தல், அச்சிடுதல் அனைத்தும் அவர் இல்லத்திலேயே நடைபெற்றன. கூபி என்னும் பாடகனும் பாகா என்னும் முரசு கொட்டுவோனும் பேய்களிடம் வரம் பெறும் கதையும் அவ்விதழில் அவர் எழுதியதே. அதனையே 1969-இல் அவர் பேரனார் திரைப்படமாக்கினார்.

கார்ப்பார் சாலை 100-ஆம் எண்ணில் தாமே திட்டமிட்டு ஒரு மாளிகை கட்டி, 1914-இல் குடும்பத்தோடு அங்குக் குடியேறினார். அச்சுக்கூடமும் இல்லமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. மூத்த மகள் சுகலதாவும் எழுத்திலும் ஓவியத்திலும் பெயர் பெற்றார். மகன் சுகுமார் இயற்பியலும் வேதியியலும் கற்று, 1911-இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை பயின்று 1913-இல் திரும்பினார். சுவர் உறுதியாக எழும்பிவிட்டது என்றே அனைவரும் கருதியிருப்பர்.

மறைவும் சரிவும்

உபேந்திரகிஷோருக்கு நீரிழிவு நோய் இருந்தது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. 1915-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், 52-ஆம் வயதில், கிரிடீயில் அவர் காலமானார். பொறுப்பை ஏற்ற சுகுமார், தந்தையைப் போன்றே எழுதவும் வரையவும் அச்சிடவும் வல்லவர். வங்காளக் குழந்தைகளைச் சிரிக்கவைத்ததில் தந்தையினும் ஒருபடி மேலானவர் என்பாரும் உண்டு. ஆனால் காலா-ஆசார் என்னும் கொடுநோய் அவரைப் பற்றியது. 1923 செப்டம்பர் 10-இல் தம் 35-ஆம் வயதில் அவரும் மறைந்தார். அவருடைய ஒப்பற்ற வேடிக்கைப் பாடல் நூலான ஆபோல் தாபோல் அச்சாகி வெளிவந்தது, அவர் மறைந்து சில நாள்களுக்குப் பின்னரே.

அதன்பின் தொழில் நிலைக்கவில்லை. கடன் மிகுந்தது, சில ஆண்டுகளுக்குள் நிறுவனம் முறிந்தது. கார்ப்பார் சாலை வீடும் கைவிட்டுப் போயிற்று. சுகுமாரின் இளம் மனைவி சுப்ரபா, தம் ஒரே மகனான சத்யஜித்தை அழைத்துக்கொண்டு சகோதரர் வீட்டில் தங்கினார். கைம்பெண்களுக்கான பள்ளியொன்றில் தையற்கலை கற்பித்து மகனை வளர்த்தார்.

இப்பகுதியை நாம் விரைந்து கடந்து செல்லலாகாது. இருபது ஆண்டுகள் உழைத்து எழுப்பிய சுவர், இருவரின் மறைவால் சாய்ந்துவிட்டது. அத்தொழிலின் உயர்ந்த அறிவு பெரும்பாலும் அவ்விருவரின் தலையிலேயே தங்கியிருந்தது. வல்லவர் உள்ள வரையில் தழைக்கும் தொழில், அவர் இல்லாத நாளிலும் நிற்பதற்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும். கலையில் தேர்ந்தோர் பலர் இதனைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றனர்.

பேரனின் கையில்

ஆயினும் சொத்து போனாலும் வித்தை போகவில்லை. சத்யஜித் சாந்திநிகேதனில் ஓவியம் கற்று, 1943-இல் டி. ஜே. கீமர் என்னும் ஆங்கில விளம்பரக் கம்பெனியில் மாதம் 80 ரூபாய் சம்பளத்துக்கு அமர்ந்தார். அந்த வேலையை விடாமலே, சிக்னெட் பிரஸ் என்னும் பதிப்பகத்துக்கு நூலட்டைகளும் படங்களும் வரைந்தார். பதேர் பாஞ்சாலி நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது அதற்குப் படம் வரையும் பணி அவருக்குக் கிடைத்தது. அப்படங்களை வரைந்தபோதே அக்கதை அவர் மனத்தில் காட்சிகளாக விரிந்தது. 1955-இல் அது திரைப்படமாகி உலகை வியப்பில் ஆழ்த்தியது. குழந்தைப் புத்தகத்துக்கு எழுதிய சித்திரமே அதன் வித்து. 1961-இல் அவர் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து, நின்றுபோன சந்தேஷ் இதழை மீண்டும் உயிர்ப்பித்தார். பாட்டனார் கட்டிய வீடு திரும்பவில்லை, இதழ் திரும்பிற்று.

நாம் கொள்ள வேண்டுவன

நம் தமிழ் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1947-இல் சென்னையில் தோன்றிய அம்புலிமாமாவை அறியாத தமிழ்க் குடும்பம் ஏது? வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்த ஓவியர் சங்கர், 1952-இல் அங்கு மாதச் சம்பளத்தில் சேர்ந்து பல பத்தாண்டுகள் பணியாற்றினார். தொண்ணூற்றைக் கடந்து வாழ்ந்து 2020-இல் மறைந்தார். உபேந்திரகிஷோர் தொழிற்கூடத்தைச் சுவராக்கினார். சத்யஜித் விளம்பர வேலையைச் சுவராக்கினார். சங்கருக்கு ஒரு பத்திரிகையின் நிலையான பணி சுவராயிற்று. வழிகள் வேறாயினும், ஏதேனும் ஓர் உறுதியான ஏற்பாட்டின்மீதே இம்மூவரும் குழந்தைகளுக்கான சித்திரங்களை எழுதினர்.

நம் நகரிலும் இதற்கு இடமில்லாமல் போகவில்லை. 1857-இல் தோன்றிய சர் ஜே. ஜே. கலைப்பள்ளி மாட்டுங்காவிலிருந்து ரயிலேறிச் செல்லும் தொலைவிலேயே உள்ளது. வணிகக் கலையை அங்கு 1935 முதல் தனிப் பிரிவாகவே கற்பிக்கலாயினர். 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை நூல்கள் இந்நகரிலிருந்தே நாடெங்கும் சென்று, ஓவியர் பலருக்கு வேலையும் அளித்தன.

ஆகவே, படம் வரையும் குழந்தையைப் பெற்றோர் தடுக்க வேண்டுவதில்லை. தனியே விட்டுவிடவும் வேண்டுவதில்லை. தான் வரைந்த படம் எவ்வாறு அச்சேறுகிறது என்பதை அக்குழந்தை கற்கட்டும். அன்று காமிராவும் செப்புத் தகடும் இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கிறது. கற்க வேண்டிய கடமை மட்டும் மாறவில்லை. சொன்ன நாளில் வேலையை முடித்துத் தரும் ஒழுங்கும், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் விழிப்பும், வரவு செலவுக் கணக்கை எழுதிவைக்கும் பழக்கமும் தூரிகையோடு சேர்ந்தே வளரட்டும். கணக்கில் வல்ல நம் குடும்பங்கள் இவற்றைக் கற்பிக்க இயலாதவை அல்ல. கதையை எழுதவும் முயன்றால், ஒரு கைக்கு இரு வேலையாகும். தொடக்கத்தில் வேறொரு பணியில் அமர்ந்து, மாலைப் பொழுதை ஓவியத்துக்கு ஒதுக்குவது இழிவன்று. மேதைகளும் அவ்வாறே வாழ்ந்தனர். தொழில் வளர்ந்தபின், தான் அறிந்ததைப் பிறருக்கும் கற்பித்து, நோய்க்கும் முதுமைக்கும் சிறிது சேர்த்துவைத்தல் வேண்டும்.

தம் சித்திரங்கள் அச்சில் கெட்டுப்போனதைக் கண்டு சோர்ந்து உட்காராமல், அவற்றைக் கெடாமல் அச்சிடும் தொழிலையே தம் வாழ்வாக்கிக்கொண்ட பெருந்தகை உபேந்திரகிஷோர். அவரைப் போன்றே நம் இல்லங்களிலும் சித்திரம் எழுதும் சிறு கைகள் உள்ளன. அக்கைகளுக்குச் சுவர் எழுப்பும் பணியில் பெற்றோரும் சங்கத்தாரும் ஒரு கல்லேனும் எடுத்துவைப்போமாக.